உழைப்பாளரற்ற இயற்கை: நிலைபேறு பற்றிய சிந்தனையும் ஏறாவூர் வாவிக்கரையும்

1

அண்மைக் காலத்தில் நமது அறிவுலகிலும் ஆட்சியுலகிலும் பரவலாக எடுத்தாளப்படும் சொற்களுள் 'நிலைபேறு' என்பதும் ஒன்றாகும். சுற்றாடலுக்கும் அபிவிருத்திக்குமான உலக ஆணைக்குழு 1987 ஆம் ஆண்டு வெளியிட்ட 'நமது பொது எதிர்காலம்' என்னும் அறிக்கையின் வாயிலாக இக்கருத்து உலகப் பொதுவழக்குப் பெற்றது. 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை 17 இலக்குகளை ஏற்றுக்கொண்டதன் பின்னர், அரச அலுவலகங்களிலும் உதவி நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் அது ஏறத்தாழ ஒரு மந்திரத்தின் தகுதியை எய்தியுள்ளது. அதனோடு இணைபிரியாது வருவது 'புத்தாக்கம்' என்ற சொல். சுற்றாடல் நெருக்கடிக்குத் தீர்வு புதிய ஆக்கச் சிந்தனையே என்பது இவ்விரு சொற்களையும் வழங்குவோரின் பொதுக்கொள்கை எனலாம்.

ஆக்கச் சிந்தனை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் 'ஆக்கம்' என்ற சொல் இலக்கிய மாணவரான நமக்குப் புதியதன்று. ஓர் ஆக்கத்தை எதிர்கொள்ளும்போது, அதனை ஆக்கியோர் யாவர், எவருடைய தேவைக்காக ஆக்கினர், எத்தகைய சமூக உறவுகளின் மத்தியில் அது தோன்றியது என்னும் வினாக்களை எழுப்புவது முற்போக்குத் திறனாய்வு நமக்குக் கற்றுத்தந்த முறையாகும். அவ்வினாக்களைச் சுற்றாடற் புத்தாக்கங்களை நோக்கியும் எழுப்புதல் வேண்டும். ஏறாவூரை மையமாகக் கொண்ட வாவிக்கரைப் பிரதேசத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனைச் செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது முடிபை முதலிலேயே கூறிவிடலாம். சூழல் பற்றி இன்று எழுதப்படும் இலக்கிய விமரிசனத்துக்கும், சூழலைக் காப்பதற்கென வகுக்கப்படும் திட்டங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டும் இயற்கையை உழைப்பாளரற்ற ஒரு காட்சியாகக் காண்கின்றன. விமரிசனத்தில் இக்குறை வெறும் இரசனைவாதமாக முடிகிறது. திட்டங்களிலோ அது மக்களின் வயிற்றில் அடியாக விழுகிறது.

2

மட்டக்களப்பு நகரிலிருந்து வடமேற்கே 15 கிலோமீற்றர் அளவில், வாவியின் வடகோடியை அண்மி அமைந்துள்ளது ஏறாவூர். முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் இவ்வூர் கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. இதனைச் சூழ்ந்து தமிழ்க் கிராமங்கள் உள்ளன. அயலிலுள்ள வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியொன்று தொடங்கப்பெற்று, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வாவியோ தெற்கே கல்முனைப் பக்கம் தொடங்கி வடக்கே ஏறாவூர் வரை 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்குப் பக்கம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் பரந்த பக்கம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, படும் கரை எனப் பகுத்த இப்பெயர்களில் வெறும் திசையறிவு மட்டுமன்றி, இரு கரைகளுக்குமிடையே தோணியிலும் வண்டியிலும் நெல்லையும் மீனையும் துணியையும் பரிமாறி வாழ்ந்த ஒரு பொருளாதாரமும் பொதிந்துள்ளது.

இப்பொருளாதாரத்தின் உயிர்நாடியான ஓர் இடத்தை மட்டும் ஈண்டு சற்று விரிவாக நோக்குவோம். வாவி கடலோடு கலக்கும் பாலமீன்மட்டு முகத்துவாரமே அது. கோடையில் அலை ஒதுக்கும் மணல் திரண்டு வாயை மூடும். மாரியில் படுவான்கரை ஆறுகள் கொண்டுவரும் வெள்ளம் வாவியை நிறைத்து வயல்களில் ஏறும். அப்போது மணல்மேட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுதல் வேண்டும். எப்போது வெட்டுவது என்பதே கேள்வி. தாழ்நிலத்து உழவனுக்கு வயல் மூழ்குமுன் வெட்டவேண்டும். மீனவனுக்கு வேறு கணக்கு. முகத்துவாரம் திறந்தால் உவர்நீர் ஏறும். கடலிலிருந்து இறாற்குஞ்சுகளும் மீன்குஞ்சுகளும் உள்ளே வரும். அதே வேளை வாவியில் வளர்ந்திருப்பவை கடலுக்கு ஓடிவிடவுங் கூடும். 2011 சனவரியில் கிழக்கு மாகாணத்தைப் பெருவெள்ளம் மூடியபோது, மணல்மேட்டின் உயரம் இப்பிரதேசத்தில் எத்துணை முக்கியமானது என்பதை அனைவரும் உணர்ந்தனர்.

இவ்வாறு ஒரு மணல்மேட்டை வெட்டும் செயலிலேயே வானிலை, மண், மீனின் வாழ்க்கை வட்டம், நெல்லின் வயது, உழவனின் கடன், மீனவனின் அடுப்பு ஆகிய அனைத்தும் பின்னிக் கிடக்கின்றன. மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையே உழைப்பின் வழியாக நிகழும் பொருட்பரிமாற்றம் எனக் கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் விளக்கியது இதனையே. நூலகத்தில் கோட்பாடாகத் தோன்றுவது முகத்துவாரத்தில் மண்வெட்டியின் நுனியில் நிகழ்கிறது. வாவி இயற்கையின் கொடை மட்டுமன்று. தலைமுறை தலைமுறையான உழைப்பினால் பேணப்பட்ட ஒன்றுமாகும். இவ்வுண்மையை மறந்த எவ்வித நிலைபேறும் நிலைபெறாது.

3

இனி இலக்கியத்துக்கு வருவோம். மட்டக்களப்பு வாவி இலக்கியத்திலும் பொதுமக்கள் கற்பனையிலும் பெரும்பாலும் நிலவொளியும் பாடும் மீனுமாகவே காட்சியளித்து வந்துள்ளது. விபுலாநந்த அடிகளார் 1947 இல் வெளிவந்த தமது யாழ் நூலில் வாவியின் நீரர மகளிரின் இசையை நினைவுகூர்ந்தமை நாமறிந்ததே. அறிவியலும் தமிழும் ஒருங்கே கற்ற அடிகளார் இயற்கையின் ஒலியை ஆராய்ச்சியின் வாயிலாகக் கொண்டார். ஆனால் அவருக்குப் பின் வந்தோர் பலர் ஆராய்ச்சியை விடுத்து அழகை மட்டும் எடுத்துக்கொண்டனர். பாடும் மீன் பதாகைகளில் ஏறிற்று. அதே நீரில் இடுப்பளவு இறங்கி அத்தாங்கினால் இறால் வடிக்கும் பெண் எந்தப் பதாகையிலும் இடம்பெறவில்லை.

அண்மையில் தமிழ்த் திறனாய்வில் சூழலியல் நோக்கு என ஒரு போக்கு வளர்ந்துள்ளது. சங்க இலக்கியத்தின் திணைக் கோட்பாட்டையே உலகின் முதற் சூழலியற் கோட்பாடாகக் கொண்டாடுவது இப்போக்கின் இயல்பு. திணையில் சூழலறிவு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் தொல்காப்பியர் கருப்பொருள்களை வகுக்குங்கால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை ஆகியவற்றோடு 'செய்தி' என்னும் தொழிலையும் வைத்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. மரமும் புள்ளும் நமது சூழலியற் கட்டுரைகளில் நிரம்பி வழிகின்றன; தொழில் மட்டும் எங்கோ நழுவிவிடுகிறது. பேராசிரியர் கைலாசபதி 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' நூலிலும், பேராசிரியர் சிவத்தம்பி திணைக் கோட்பாடு பற்றி 1974 இல் வெளியிட்ட ஆய்விலும் பண்டைச் சமூகத்தை உற்பத்தி முறைகளின் சமனற்ற வளர்ச்சியோடு தொடர்புபடுத்தி விளக்கிய பின்னரும், அதனை உழைப்பாளரற்ற ஒரு பூந்தோட்டமாக மீளவும் வரைவது பின்னோக்கிய நடையே ஆகும்.

வாவிக்கரையின் வாய்மொழி மரபு இவ்வகையில் நமக்கு மேலான ஆசான். கண்ணகி வழிபாட்டோடு இணைந்த வைகாசிக் குளிர்த்தி, மழை வேண்டிப் பாடப்பெறும் மழைக்காவியம், ஊர் இரு சேரிகளாகப் பிரிந்து கொம்புகளைக் கொளுவி இழுக்கும் கொம்புமுறி ஆகியவை யாவும் வரட்சியின் முன் கைகட்டி நிற்க மறுத்த ஒரு சமுதாயத்தின் கூட்டு முயற்சிகள். கையிலுள்ள கருவியால் அடக்கமுடியாத இயற்கையைக் கற்பனையால் அடக்க முயலும் கூட்டுச் செயலே தொன்மைச் சடங்கு என்றும், அக்கற்பனை உழைப்போருக்கு உண்மையான துணிவை ஊட்டியது என்றும் ஜோர்ஜ் தொம்சன் காட்டினார். முஸ்லிம் உழவர் மழை வேண்டித் தொழுவதையும், தமிழ் உழவர் மழைக்காவியம் படிப்பதையும் ஒரே வானத்தின் கீழ் ஒரே வயலின் பொருட்டு எழுந்த இரு குரல்களாகக் கொள்ளுதல் தகும். இரு சாராரிடையேயும் வழங்கும் நாட்டார் கவி வடிவம் ஒன்றே என்பதும் தற்செயலானதன்று. உழைப்பு பொதுவாயிருந்தவிடத்து வடிவமும் பொதுவாயிற்று.

எனினும் இம்மரபைக் கண்மூடிப் போற்றுவதும் பிழையாகும். பழைய மட்டக்களப்பு வேளாண்மை ஒரு நிலமானிய அமைப்பினுள் நிகழ்ந்தது. நிலம் போடியாருடையது, பயிர் முல்லைக்காரனதும் வயற்காரரதும் உழைப்பு. களவெட்டியில் சூடு மிதித்துப் பொலி தூற்றுகையில், அமங்கலச் சொற்களை விலக்கித் தனிச்சொற்களை வழங்கிய அவ்வுழவன் தன் சொல்லை அளந்தான். நெல்லை அளந்தவனோ வேறொருவன். நீர்ப்பங்கீட்டைக் கவனித்த வட்டை விதானையாரின் அனுபவ அறிவு பெரிது. ஆயின் அவர் பெரும்பாலும் நிலமுடையோரின் ஆளாகவே இருந்தார். 'நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர்' என்று பொதுப்படக் கூறுவோர், எந்த முன்னோர் என்ற வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். போடியாரின் முன்னோரும் வயற்காரனின் முன்னோரும் ஒரே வகையில் இயைந்து வாழவில்லை.

உண்மையான புத்தாக்கம் ஒன்றை இவ்வரலாற்றிலேயே காணலாம். பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகை உழவனுக்குக் காப்பளித்ததோடு, விதானை முறைக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களையும் ஏற்படுத்திற்று. நீரையும் பயிர்க்காலத்தையும் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் உழுவோர் பக்கம் நகர்வதற்கு அது வழிதிறந்தது. அதன் நடைமுறை குறைகள் நிரம்பியது. நிலவுடைமையாளர் அதனை முடிந்தவரை வளைத்தனர். 1970களின் சட்ட மாற்றங்களோடு அக்குழுக்களும் மறைந்தன. ஆயினும் நீர் யாருடையது என்ற வினாவை நேராக எழுப்பியமையால், இன்றைய பளபளப்பான பல புத்தாக்கங்களிலும் அது ஆழமானது.

4

இன்றைய முயற்சிகள் மூன்றினை இனி உரைத்துப் பார்ப்போம். முதலாவது அரசினது, இரண்டாவது உதவி நிறுவனங்களினது, மூன்றாவது மூலதனத்தினது.

2021 இல் இலங்கை அரசு இரசாயன உரத்தின் இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, நாடு முழுவதையும் ஒரே போகத்தில் சேதனப் பசளைக்கு மாற்ற முற்பட்டது. வயல்களிலிருந்து வடியும் உரம் வாவியின் நீரைக் கெடுக்கிறது என்பது உண்மை. சேதன வேளாண்மை வேண்டும் என்பதும் நியாயம். ஆனால் மண் தன் வளத்தை மீட்கப் பல போகங்கள் எடுக்கும். மாற்றுப் பசளை போதிய அளவு கையில் இல்லை. குறுகிய கால நெல்லினங்களோ உரத்தை எதிர்பார்த்தே உருவாக்கப்பட்டவை. இவற்றையெல்லாம் உழவனிடம் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். எவரும் கேட்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. 2021/22 பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. சொந்த நிலமும் சேமிப்பும் உடையோர் ஒருவாறு தாங்கினர். குத்தகைப் பணத்தை முற்கூட்டியே செலுத்திவிட்டுக் கடனில் விதைத்தவன் தாங்கவில்லை. பசுமையின் பெயரால் அறிவிக்கப்பட்ட ஒரு கொள்கை சேதன வேளாண்மை என்ற நல்ல கருத்தையே உழவர் மத்தியில் நகைப்புக்கிடமாக்கியது அதன் மிகப்பெரிய தீங்கு எனலாம்.

இரண்டாவது, கண்டல் வளர்ப்பு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரங்களில் கண்டல் நடுவதற்கு நிதி வெள்ளமென வந்தது. இலங்கையில் அவ்வாறு நடப்பட்ட இடங்களுள் 23 இனை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டேயரில் மட்டுமே மரங்கள் நிலைத்தன. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் எஞ்சவில்லை. காரணங்கள் எளியவை: தகாத இனத்தைத் தகாத ஆழத்தில் நட்டமை, நட்டபின் பேணாமை. நீர் எவ்வளவு நேரம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதே கண்டலின் வாழ்வைத் தீர்மானிக்கும். வீச்சுவலையோடு அந்தச் சேற்றில் நாள்தோறும் நடப்பவனுக்கு அது கால்விரலறிந்த விடயம். கன்றுகளின் எண்ணிக்கையை அறிக்கையில் எழுதவேண்டியவனுக்கு அவ்வறிவு தேவைப்படவில்லை.

இத்தோல்வியிலிருந்து பாடம் கற்ற முயற்சிகளும் உள. 2015 இல் இலங்கைச் சிறுமீனவர் சம்மேளனமான சுதீசவும் அமெரிக்காவைச் சேர்ந்த சீகொலொஜி நிறுவனமும் இணைந்து, கண்டற்காடுகளை அண்டிய கிராமங்களின் 15,000 வறிய பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் அளித்து, பதிலாகக் காட்டைக் காக்கும் பொறுப்பை ஏற்கச் செய்யும் திட்டத்தைத் தொடங்கின. கண்டல் மீளாக்கத்துக்காக இலங்கை 2024 இல் ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு ஏற்பையும் பெற்றது. விறகுக்காக மரம் தறிப்பவளைக் குற்றவாளியாக்காமல் அவளது அடுப்பைப் பற்றிச் சிந்தித்த வகையில் இம்முயற்சி வரவேற்கத்தக்கது. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. காட்டின் காவல் ஏழைப் பெண்ணின் கடனோடு பிணைக்கப்படும்போது, காட்டை அழித்து இறாற்பண்ணை அமைக்கக்கூடிய முதலாளிக்குப் பிணைக்கப்படுவது எது? நுண்கடனின் சுமை வட பகுதியிலும் கிழக்கிலும் பெண்களை எவ்வாறு நெரித்தது என்பதை அறிந்தோர் இவ்வினாவை எளிதில் ஒதுக்கமாட்டார்.

மூன்றாவது, ஏறாவூரை நேரடியாகத் தொடுவது. 2020க்குப் பின்னர், ஊரையண்டிய புன்னைக்குடாக் கரையோரத்தில் துணி உற்பத்திக்கும் பதனிடலுக்குமான தனி வலயம் ஒன்றை அமைக்கும் முயற்சி முதலீட்டுச் சபையின் பொறுப்பில் முன்னெடுக்கப்பட்டுள்ளது. தறியின் ஊருக்கு ஆலை வருவது வேலையற்ற இளைஞருக்கு நம்பிக்கையூட்டும் செய்தியே. ஆலை வேண்டாம் எனக் கூறுவது நமது வாதமன்று. ஆனால் துணிச்சாயத் தொழிலின் இயல்பை அறிந்தே பேசவேண்டும். பருத்திக்குச் சாயம் ஏற்றப் பெருமளவு நீரும் உப்பும் வேண்டும். நூலில் பற்றாத சாயமும் உப்பும் கழிவுநீரில் எஞ்சும். நிறத்தை நீக்குவது ஓரளவு எளிது; கரைந்த உப்பை நீக்குவதே கடினமும் செலவும் மிக்கது.

இதன் விளைவைத் தமிழகத்தின் திருப்பூர் கண்டது. பின்னலாடை ஏற்றுமதி பெருகியபோது சாயக்கழிவு நொய்யலாற்றில் கலந்தது. பாசனத்துக்கென 1992 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. தமக்கென அமைந்த அணையின் நீரைத் திறந்துவிட வேண்டாம் என உழவரே கோரவேண்டிய அவலம் நேர்ந்தது. ஆயக்கட்டு உழவர் நீதிமன்றம் சென்று ஆண்டுக்கணக்கில் போராடினர். கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாதபடி சுத்திகரிக்க வேண்டுமென 2006 இல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அது நிறைவேறாத நிலையில் 2011 சனவரியில் சாய ஆலைகளை மூடும்படி உத்தரவிட்டது. அதன் பின்னரே நீரைச் சவ்வுகளினூடே அழுத்தி வடித்து மீளப் பயன்படுத்தி, எஞ்சியதைக் காய்ச்சி உப்பை மீட்கும் முறை அங்கு உறுதியாக நிலைகொண்டது.

இன்று திருப்பூரின் அம்முறை பசுமைப் புத்தாக்கமாக உலகக் கண்காட்சிகளில் பேசப்படுகிறது. அதனைக் கண்டுபிடித்த பொறியியலாளரை நாம் மதிக்கிறோம். ஆனால் அதனை நிலைநாட்டியது நொய்யற்கரை உழவரின் போராட்டம். மூலதனம் தானாக விரும்பி அச்செலவை ஏற்கவில்லை. ஏறாவூருக்கு இதிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. வலயத்தின் கழிவுநீர் எங்கு, என்ன உப்பளவோடு விடப்படும், அதனை அளப்போர் யாவர், அளவீடுகள் தமிழில் ஊர்மக்கள் கையில் கிடைக்குமா என்னும் வினாக்களை, முதற் துணி வெளுக்கப்படுமுன் ஏறாவூர் நெசவாளரும் புன்னைக்குடா மீனவரும் எழுப்புதல் வேண்டும்.

5

இவ்வினாக்களை அவர்கள் ஒன்றுசேர்ந்து எழுப்ப முடியுமா? இதுவே இப்பிரதேசத்தின் மிகக் கடினமான கேள்வி. 1990 ஆகஸ்டில் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் படுகொலை செய்யப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் படுகொலை செய்யப்பட்டனர். அதன் பின் முஸ்லிம் உழவர் பலருக்குப் படுவான்கரை வயல்கள் எட்டாதனவாயின. தமிழருக்குப் பல பாதைகள் அடைபட்டன. உழைப்பின் வழி இணைந்திருந்த இரு கரைகள் அச்சத்தின் வழி பிரிந்தன.

இப்பிளவு சுற்றாடற் பிரச்சினைகளின் மொழியையும் மாற்றிவிட்டது. 2018 இல் ஏறாவூர்ப்பற்றின் பெரியபுல்லுமலையில் குடிநீரைப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று அமைக்கப்படுவதை எதிர்த்து மட்டக்களப்பில் மக்கள் கிளர்ந்தனர். வரட்சிப் பிரதேசமொன்றில் நிலத்தடி நீர் விற்பனைப் பண்டமாவதை எதிர்ப்பது முற்றிலும் நியாயமானது. ஆனால் அக்கிளர்ச்சியினூடே உரிமையாளரின் வர்க்கத்தைவிட அவரது இனத்தைப் பற்றிய பேச்சும் எழுந்தது. நீரைப் பண்டமாக்குவது இலாப நோக்கேயன்றி மதமன்று என்பதை உரத்துக் கூறும் குரல்கள் வலுவிழந்திருந்தன. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் நிலங்கள் வெளியிலிருந்து வந்தோரால் பயிர்நிலமாக்கப்படுவதை எதிர்த்துத் தமிழ்ப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்திலும் நிலம், மாடு, இனம், அரசு என்பன பின்னிக் கிடக்கின்றன. இனவொடுக்குமுறை கற்பனையன்று, அதனை வர்க்கச் சொற்களால் மூடிமறைப்பது நேர்மையுமன்று. ஆனால் ஓர் இனத்தின் உழவனை மற்றோர் இனத்தின் உழவனோடு மோதவிட்டால், காடும் நீரும் இறுதியில் இருவர் கையிலும் இராது என்பதை இப்பிரதேசத்தின் கடந்த நாற்பதாண்டு அனுபவம் காட்டுகிறது.

6

தொகுத்து நோக்குமிடத்து, ஒரு புத்தாக்கத்தை மதிப்பிட மூன்று உரைகற்களை நாம் பெறுகிறோம். அதனைத் தீர்மானிக்கும் அதிகாரம் உழைப்போரிடம் உண்டா? அது தோற்றால் இழப்பைத் தாங்குவோர் யாவர்? நீரையும் நிலத்தையும் பொதுவில் வைத்திருக்க அது உதவுகிறதா, அன்றிப் பண்டமாக்குகிறதா? இவற்றில் தேறாத எதனையும், அது எத்துணை பசிய நிறம் பூசிவரினும், நாம் ஐயத்தோடேயே ஏற்றல் வேண்டும்.

இலக்கிய மாணவருக்கும் இதில் ஒரு பணி உண்டு. முகத்துவாரம் வெட்டும் காலம் பற்றி, கண்டல் நிற்கும் சேறு பற்றி, காற்றின் பெயர்கள் பற்றி, தறியின் உறுப்புகள் பற்றி இவ்வாவிக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் வழங்கும் சொற்கள் இன்னும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. ஒவ்வொரு சொல்லும் ஓர் அனுபவத்தின் முடிவு. ஓர் உழைப்பின் சாட்சி. அச்சொற்களை வழங்கும் முதியோர் குறைந்துவருகின்றனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் தன் மாணவரை நூலகத்திலிருந்து எழுப்பி, வந்தாறுமூலையிலிருந்து ஏறாவூர்த் தறிக்கொட்டிலுக்கும் அங்கிருந்து பாலமீன்மட்டுக்கும் அனுப்புமாயின், அவர்கள் கொணரும் அகராதி வெறும் மொழியாராய்ச்சியாக இராது. அரசும் உதவி நிறுவனமும் மூலதனமும் அடுத்த திட்டத்தோடு வரும்போது, அதன் முன் வைத்து வாதாடுவதற்கு மக்களுக்கு அதுவொரு கருவியாகும்.

இயற்கையை வெறுமனே வியந்து நின்ற காலம் போதும். அதனோடு உழைப்பவனை அறிந்து, அவன் பக்கம் நின்று பேசும் விமரிசனமே இன்று நமக்கு வேண்டுவது.